அரங்கேறுமுன் எழுதப்படும் தீர்ப்புகள்

2021 ஆம் ஆண்டு யூன் 15 ஆம் நாள், மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் முற்றுப்பெறாத பணிசெயல் முறைமையொன்று அந்நிறுவனத்தின் இசைவின்றி உலகெங்கும் பரவியது. 21996 என்னும் கட்டமைப்பு எண்ணைத் தாங்கிய அப்பதிப்பினுள்ளே விண்டோஸ் 11 என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. நிறுவனம் அதனை முறைப்படி அறிவித்தது யூன் 24 ஆம் நாளில். பொதுப் பாவனைக்கு விட்டது ஒக்ரோபர் 5 ஆம் நாளில். தீர்ப்போ யூன் 16 ஆம் நாளே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. “பழைய சரக்குக்குப் புதிய பூச்சு” என்றனர் ஒரு சாரார். “இதற்காகவே காத்திருந்தோம்” என்றனர் மற்றொரு சாரார். திரையின் அடியிலுள்ள பட்டையின் சின்னங்கள் இடப்புறமிருந்து நடுவுக்கு வந்துவிட்டன என்பதும், சாளரங்களின் மூலைகள் வளைந்துவிட்டன என்பதுமே இரு சாராருக்கும் பெரும் பொருளாயின.

இலங்கைத் தீவு முழுவதும் அவ்வேளை பயணக் கட்டுப்பாட்டினுள் இருந்தது. மே 21 முதல் யூன் 21 வரை நீடித்த அக்கட்டுப்பாட்டின்போது வந்தாறுமூலை வளாகத்தின் விரிவுரை மண்டபங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. விரிவுரைகள் கணினித் திரைக்கும் கைத்தொலைபேசித் திரைக்கும் இடம்பெயர்ந்திருந்தன. தம் கல்வியே ஒரு பணிசெயல் முறைமையின் தயவில் நடைபெற்ற காலம் அது. அத்தகைய காலத்தில், நான்கு கிகாபைற்றுக்கு மேற்பட்ட கசிந்த கோப்பொன்றைப் பதிவிறக்கிப் பார்த்தும், பாராமலேயும் தீர்ப்புக் கூறிய கூட்டத்தில் தமிழ் இளைஞரும் கலந்துகொண்டனர் என்பது வியப்புக்குரியதன்று. அவர்கள் எதனைப் பார்த்தார்கள், எதனைப் பாராது விட்டார்கள் என்பதே வினாவுக்குரியது.

இத்தகைய கசிவுகளைப் பற்றி வழக்கமாக இரு வாதங்கள் முன்வைக்கப்படுகின்றன. பெருநிறுவனம் மூடிவைத்திருப்பதைப் பொதுமக்கள் எட்டிப் பார்ப்பது சனநாயகம் என்பது ஒன்று. முற்றுப்பெறாத ஆக்கத்தைப் பற்றி எவரும் வாய்திறத்தல் ஆகாது, நிறைவெய்தும்வரை பொறுத்திருத்தலே பண்பாடு என்பது மற்றொன்று. முதலாவது இளைஞரின் வாதம்; இரண்டாவது பெரும்பாலும் நிறுவனத்தின் வாதம், சிலவேளை ஆசிரியர்களின் வாதம். இரண்டுமே பிழையானவை. பிழையென்பதற்குச் சான்று தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களின் கூத்துக் களரிகளே போதும்.

எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும், கூத்தொன்று ஓரிரவில் தோன்றுவதில்லை. ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுத்தல் தொடக்கம், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிப்படியாக வளர்ந்து, மாதக்கணக்கில் இரவுகளைத் தின்று, ஈற்றிலேயே அரங்கேற்றத்தை அடைகின்றது. பேராசிரியர் சி. மௌனகுரு தமது ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் ஆய்வில் வடமோடி, தென்மோடி ஆகிய இரண்டையும் அவற்றின் ஆக்கமுறையோடு விரிவாக ஆராய்ந்துள்ளார். இப்படிநிலைகளில் எதுவும் ஊருக்கு மறைவாக நடைபெறுவதன்று என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. பழகும் களரியைச் சுற்றி ஊரவர் அமர்ந்திருப்பர். தாளம் தப்புபவனை அவர்கள் காண்பர். வரவுப் பாட்டை மறந்து விழிப்பவனைக் காண்பர். உடுப்பும் முடியும் இன்றிச் சாரத்தோடு ஆடும் அரசனையும் காண்பர். முற்றுப்பெறாததைப் பொதுமக்கள் பார்த்தல் தகாது என்னும் வாதம் இந்த மண்ணின் அனுபவத்துக்கு முற்றிலும் முரணானது.

எனினும் அக்களரியைச் சூழ்ந்திருந்தோர் வெறும் பார்வையாளர் அல்லர். அவர்களுட் பலர் முன்னர் ஆடியவர்கள். கூத்தின் கதையையும் பாட்டையும் அறிந்தவர்கள். ஆடுபவன் ஒருவருக்கு மகன், மற்றொருவருக்கு மருமகன், வேறொருவருக்குக் கடன்காரன். பிழை கண்டவர் அதனை அண்ணாவியாரிடம் கூறுவர். அண்ணாவியார் மறுநாள் மத்தளத்தை எடுக்கும்போது அதனைத் திருத்துவார், அல்லது திருத்த மறுப்பார். மறுத்தால் ஏன் மறுத்தார் என்பதும் ஊருக்குத் தெரியவரும். கிழமைக் கூத்திலே ஒருவன் தடுமாறினான் என்பதற்காக ‘இக்கூத்துத் தேறாது’ என்று கூறிவிட்டு வீடு சென்று, அரங்கேற்ற நாளில் தலைகாட்டாதிருப்பவரின் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. பார்த்தவர் ஈறுவரை பார்த்தல் வேண்டும் என்பதும், குறை கூறுபவர் குறையைத் திருத்தக்கூடியவரிடம் கூறல் வேண்டும் என்பதும் எழுதப்படாத நெறிகள்.

ஏட்டிலக்கியத்துக்கும் இந்நெறி அயலானதன்று. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர் முன்னிலையில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். ஆசிரியன் ஒருவன் சபைமுன் நின்று வினாக்களுக்கு விடையிறுத்தல் என்பதே அரங்கேற்றத்தின் உட்பொருள். ‘வெளியீட்டு விழா’ என்று இக்காலத்தில் நடைபெறும் மாலைமரியாதைச் சடங்குகளுக்கும் அதற்கும் தொடர்பு சொற்பமே என்பதை இடைக்குறிப்பாகக் கூறி அப்பாற் செல்லலாம்.

கசிந்த பணிசெயல் முறைமையைச் சூழ்ந்து எழும் ஆரவாரம் களரியைச் சூழ்ந்த ஊரை ஒத்ததா என நோக்கின், இரண்டுக்குமிடையே உள்ள தொலைவு புலனாகும். கடந்த கால் நூற்றாண்டின் வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது.

‘லோங்ஹோர்ன்’ என்னும் குறிப்பெயரால் வழங்கிய முறைமையின் ஆரம்பப் பதிப்புகள் 2002 இன் இறுதியிலும் 2003 இலும் கசிந்தன. கோப்புகளைத் தரவுத்தளம்போல் ஒழுங்குசெய்யும் வின்எப்எஸ் என்னும் சேமிப்பமைப்பு அதில் வரவிருந்தது. கசிவைக் கண்டோர் அன்று தூற்றவில்லை; போற்றினர். படங்களைப் பார்த்தே ஒரு பொற்காலத்தைக் கற்பனை செய்தனர். 2004 ஓகஸ்ற்றில் நிறுவனம் அதுவரை கட்டியதிற் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு வேறோர் அடித்தளத்திலிருந்து மீளத் தொடங்கியது, வின்எப்எஸ் கைவிடப்பட்டது. 2007 சனவரியில் விஸ்ரா எனப் பொதுமக்களை அடைந்தபோது அது எவருடைய கனவுக்கும் ஈடாக இருக்கவில்லை. அதன் உண்மையான குறைகள் பல. ஆனால் அது பெற்ற ஏச்சில் ஒரு பங்கு, வெளிவராத ஒன்றோடு ஒப்பிடப்பட்டதனால் விளைந்தது. இல்லாத கூத்தைப் பார்த்துவிட்டு, ஆடிய கூத்தைப் பழித்தமை அது.

மறுபக்கமும் உண்டு, அதனை மறைத்தல் நேர்மையாகாது. விண்டோஸ் 8 இன் முன்னோட்டப் பதிப்பு 2012 பெப்ரவரி 29 இல் வெளியிடப்பட்டபோது, பல்லாண்டுகளாகப் பழகிய தொடக்கப் பொத்தான் காணாமற்போயிருந்தது. பாவனையாளர் கூக்குரலிட்டனர். நிறுவனம் செவிசாய்க்கவில்லை, ஒக்ரோபர் 26 இல் அப்படியே வெளியிட்டது. ஓராண்டு கழித்து, 2013 ஒக்ரோபரில் வந்த 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பி வந்தது. அவ்வேளை பொதுமக்கள் சரி, நிறுவனமே பிழை. ஆகவே முன்கூட்டியே கூறப்படும் கருத்து எப்பொழுதும் வீண் என்போர் வரலாற்றை அறியாதோர். ஆயின் அக்கூக்குரல் ஏன் சரியாயிற்று? அது பழகிப் பார்த்தோரின் கூக்குரல். கை எங்கே செல்கின்றது, அங்கே என்ன இல்லை என்பதைத் தம் வேலையினூடாக உணர்ந்தோர் கூறியது அது.

மூன்றாவது நிகழ்ச்சி இவை இரண்டினும் ஆழமானது. 2014 ஒக்ரோபர் தொடக்கம் மைக்ரோசொப்ற் நிறுவனம் முன்னோட்டப் பதிப்புகளைத் தானே இலட்சக்கணக்கானோருக்கு வழங்கலாயிற்று. அதே ஆண்டின் ஆட்குறைப்பிலே சம்பளம் பெற்ற சோதனையாளர் பலர் வேலையிழந்தனர் என்பதும் உடன்வைத்து நோக்கத்தக்கது. கூலிக்குச் செய்யப்பட்ட உழைப்பு ஆர்வத்தின் பெயரால் இலவச உழைப்பாக மாற்றப்பட்டது. பாவனையாளர் கருத்துகளைத் திரட்ட ஒரு செயலி வைக்கப்பட்டது. எக்கருத்துக்கு வாக்குகள் மிகுதியோ அது மேலெழும். 2018 ஒக்ரோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 இற்றைப்படுத்தல் சிலரது கணினிகளில் ஆவணங்களையும் படங்களையும் அழித்தது. சில நாள்களிலேயே நிறுவனம் அதன் விநியோகத்தை நிறுத்தியது. பின்னர் தெரியவந்தது யாதெனில், இவ்வழிவைப் பற்றிச் சிலர் மாதங்களுக்கு முன்னரே அச்செயலியில் முறையிட்டிருந்தனர் என்பதே. அம்முறையீடுகளுக்குக் கிடைத்த வாக்குகள் மிகச் சில. நிறத்தையும் சின்னத்தையும் பற்றிய ஆயிரம் விருப்பு வெறுப்புகளின் கீழ், ‘என் கோப்புகள் அழிந்தன’ என்ற சொல் புதைந்து கிடந்தது. முறையீடு எத்துணைக் கடுமையானது எனக் குறிக்கும் வசதியை நிறுவனம் அதன் பின்னரே சேர்த்தது.

ஆரவாரம் தீங்கற்றது, இளைஞரின் பொழுதுபோக்கு என்போர் இந்நிகழ்ச்சிக்கு விடையிறுத்தல் வேண்டும். ஆரவாரம் வெறும் ஓசையன்று. அது பிற ஓசைகளை விழுங்குவது. கல்லடிப் பாலத்தினடியில் நிலவொளியில் எழும் இசையைக் கேட்கச் சென்ற கூட்டமே சத்தமிட்டுப் பேசினால், பாடுவது மீனா ஊரியா என்னும் விவாதம் மிஞ்சுமேயன்றிப் பாட்டுக் கேளாது.

இவ்வாரவாரத்தால் நன்மையடைவோர் யார் என்பதையும் கேட்டல் வேண்டும். கசிவு நிறுவனத்துக்கு இழப்பென்று கருதுவது முழுமையான உண்மையன்று. 2021 யூனில் ஒன்பது நாள் இடைவெளியில், ஒரு சதமும் செலவின்றி, விண்டோஸ் 11 என்னும் பெயர் கணினி அறிந்தோர் நாவிலெல்லாம் ஏறியது. பண்டத்தை விற்பதற்குமுன் ஆவலை விற்பது முதலாளித்துவச் சந்தையின் பழைய தந்திரம். அதற்கு இப்பொழுது விளம்பரகாரரும் வேண்டியதில்லை, தூற்றுவோரும் போற்றுவோரும் ஒருங்கே அப்பணியைச் செய்துகொடுக்கின்றனர். இதற்குள்ளே கள்வரும் புகுந்துகொள்கின்றனர்: 2009 இல் விண்டோஸ் 7 இன் கசிந்த பிரதிகள் சிலவற்றில் தீநிரல் மறைத்துவைக்கப்பட்டு, அவற்றை நிறுவியோரின் கணினிகள் பிறர் ஏவலுக்கு ஆட்பட்டன.

இனி, வாவிக்கரையில் வாழும் தமிழ் மாணவனுக்கு அக்கசிந்த பதிப்பிலே பார்க்கத்தக்கது எதுவுமே இருக்கவில்லையா? இருந்தது. இரண்டு விடயங்கள் கண்முன்னே இருந்தன.

முதலாவது, பலரது கணினிகள் அப்பதிப்பை ஏற்க மறுத்தமை. ‘டிபிஎம் 2.0’ என்னும் பாதுகாப்புச் சில்லு இல்லையெனக் கூறி நிறுவற்செயல் இடைநின்றது. மறுப்பைக் கண்டோர் அதன் பொருளை ஆராயவில்லை. ஒரு கோப்பை மாற்றிவைத்து அதனைக் கடந்துசெல்லும் குறுக்குவழியைக் கண்டு மகிழ்ந்தனர். சில நாள்களில் வெளியான தகைமைப் பட்டியல், அம்மறுப்பு தற்செயலானதன்று என்பதைக் காட்டியது. அச்சில்லோடு, இன்ரெல் எட்டாந் தலைமுறைக் கணிப்பானோ அதற்கு ஈடானதோ வேண்டும் என்றது அப்பட்டியல். எட்டாந் தலைமுறை 2017 இல் வெளிவந்தது. அதற்கு முற்பட்ட கணினிகள், நன்கு இயங்கும் நிலையில் இருப்பினும், ஒரு கையெழுத்தால் பழம்பொருளாயின. ஓகஸ்ற்றில் ஏழாந் தலைமுறையிற் சிற்சில மட்டும் விலக்காகச் சேர்க்கப்பட்டன. யூனுக்கும் ஒக்ரோபருக்கும் இடையில் அழுத்தத்துக்கு இடமிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

பாடசாலையொன்றின் கணினி அறையையோ, நன்கொடையாகப் பெற்ற பழைய கணினிகளை வைத்து நடத்தப்படும் கிராமத்து நூல்நிலையத்தையோ அறிந்தவருக்கு இதன் பொருள் விளங்கும். அடுத்த ஆண்டே, 2022 இல், டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணயமாற்று விகிதம் சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. இறக்குமதிப் பண்டமான கணினியின் விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவோ 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், சின்னங்கள் நடுவிலா இடத்திலா என்று வாதிட்ட அதே திரையில் இந்த முடிவின் முதல் அறிகுறி தோன்றியிருந்தது. அதனைத் தாண்டிச் செல்லத் தெரிந்தோர் இருந்தனர். அதன் பொருளைத் தம் ஊருக்கு எடுத்துரைத்தோர் எத்தனை பேர்?

இரண்டாவது விடயம் மொழி. முற்றுப்பெறாத முறைமையொன்று கைக்குக் கிட்டினால் தமிழன் செய்யவேண்டிய முதற் சோதனை, வகுப்பொன்றின் பெயர்ப்பட்டியலைத் தமிழில் இட்டு அகரவரிசைப்படுத்திப் பார்ப்பதாகும். யூனிகோட் அட்டவணையில் தமிழ் மெய்கள் தமிழ் நெடுங்கணக்கின் ஒழுங்கில் அமைந்திருக்கவில்லை. நகரத்தை அடுத்து னகரமும், அதன்பின் பகரமும் வருகின்றன. ரகரத்தை அடுத்து றகரம், பின் லகரம், ளகரம், ழகரம், ஈற்றில் வகரம். சகரத்துக்கும் ஞகரத்துக்குமிடையில் ஜகரம் குந்தியிருக்கின்றது. முறைமையானது தமிழுக்கென வரிசையொழுங்கை அறிந்திராது எண்களை மட்டும் நம்பினால், வவுனதீவு என்னும் ஊர் வழுக்கமடு என்னும் சொல்லுக்குப் பின்னே தள்ளப்படும். தொல்காப்பியர் வகுத்த ஒழுங்கு ஓர் இயந்திரத்தின் கவனக்குறைவால் குலையும். மேலும், ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரு குறியீடாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கோப்பொன்றைத் தேடும்போது ஒன்றை இட்டால் மற்றது அகப்படுமா என்பதைச் சோதித்தே அறிதல் வேண்டும். அழிப்புச் சாவியை ஒருமுறை அழுத்தினால் எழுத்து முழுமையாக நீங்குமா, உயிர்க்குறி மட்டும் நீங்குமா? பாமினி எழுத்துருவில் எழுதப்பட்ட பழைய ஆவணங்கள் புதிய முறைமையிலே திறக்கப்படுமா, அன்றி ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தோன்றுமா? இலங்கையின் தமிழ் விசைப்பலகைத் தராதரம் அதில் உண்டா? அலுவலகங்களும் அச்சகங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் நாள்தோறும் முட்டிமோதும் வினாக்கள் இவை. இவற்றை அமெரிக்கச் சோதனையாளர் எவரும் தாமாகக் கேட்கப்போவதில்லை.

“மட்டக்களப்பிலிருந்து ஒருவன் எழுதினால் மைக்ரோசொப்ற் கேட்குமா?” என்னும் எதிர்வினா உடனே எழும். களரியில் அண்ணாவியார் முன்னே இருக்கின்றார். இங்கே அண்ணாவியார் எங்கே? இவ்வினா வலிமையானது. மேற்கூறிய 2018 ஆம் ஆண்டு நிகழ்ச்சியே அதற்குத் துணைநிற்கின்றது. ஆயினும் விடை முற்றிலும் ‘இல்லை’ என்பதன்று. தமிழ் 99 விசைப்பலகை 2019 மே மாத இற்றைப்படுத்தலோடு விண்டோஸ் 10 இற் சேர்ந்தது. தமிழ் பயன்படுத்துவோர் நெடுங்காலம் தனியே நிறுவிப் பயன்படுத்திய ஒன்று, முறைமையின் உள்ளேயே இடம்பெற்றது. எவரும் கேளாதிருந்தால் அது வந்திராது.

அன்றியும், மைக்ரோசொப்ற் ஒன்றே உலகமன்று. 1991 ஓகஸ்ற் 25 இல் லினஸ் ரொவால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தாம் ஆக்கிக்கொண்டிருந்த முற்றுப்பெறாத முறைமையைப் பற்றித் தாமே அறிவித்துக் கருத்துக் கேட்டார். அதுவே லினக்ஸ் ஆயிற்று. 1993 இல் தொடங்கிய டெபியன் திட்டத்தில், ‘நிலையற்றது’ என்று வெளிப்படையாகப் பெயரிடப்பட்ட பதிப்பு எந்நாளும் எவர்க்கும் திறந்திருக்கின்றது. அங்கிருந்து ‘சோதனை’ நிலைக்கும், அதனின்று ‘நிலையான’ வெளியீட்டுக்கும் மென்பொருள்கள் நகர்கின்றன. ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் எண் உண்டு. யார் கூறினார், யார் திருத்தினார், ஏன் திருத்த மறுத்தார் என்பன யாவும் எவரும் காணக் கிடக்கின்றன. அங்கே கசிவு என்று ஒன்று நிகழ்தல் சாத்தியமே இல்லை. மூடிய கதவு இல்லாத இடத்தில் சாவித்துவாரம் வழியே பார்ப்பதில் என்ன கிளர்ச்சி இருக்கமுடியும்? கசிவை வரவேற்போர் ‘திறந்த தன்மை’ பற்றிப் பேசும்போது, உண்மையிலே திறந்திருக்கும் களரிகளில் அவர்களைக் காண்பது அரிதாயிருப்பதன் காரணம் இதுவே போலும். அங்கே பார்ப்பதற்குச் சுவையான இரகசியம் இல்லை. செய்வதற்கு வேலை மட்டுமே உண்டு.

பல்கலைக்கழகங்களின் பங்கும் இங்கு குறைகூறலுக்கு உரியதே. கணினி அறிவியல் பயிலும் துறைகளும் தமிழ் பயிலும் துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று அறியாதிருக்கின்றன. நெடுங்கணக்கின் ஒழுங்கை அறிந்தவர் வழுவை எங்கே முறையிடுவது என அறியார். முறையிடும் வழி அறிந்தவர் வழு இருப்பதையே அறியார். வழுவொன்றைக் கண்டு, அது மீள நிகழும் முறையை வரையறுத்து, பிறர் புரிந்துகொள்ளும்படி எழுதுதல் சிறந்த உரைநடைப் பயிற்சி. ஆனால் அதனை ஒப்படையாகக் கருதி மதிப்பெண் வழங்குவார் அரிது. ‘சிறப்பாக உள்ளது’, ‘படுமோசம்’ என்னும் இரு சொற்களுக்கிடையே உள்ள பரந்த வெளியை இளைஞர் இழந்துவிட்டனர் எனக் குறைகூறும் விரிவுரையாளர், அவ்வெளியில் நடக்க அவர்களுக்குக் கற்பித்தது எப்போது?

விண்டோஸ் 10 க்கான ஆதரவு முடிவுற்றபோது, கல்வி நிறுவனங்கள் கணினியொன்றுக்கு முதலாண்டில் ஒரு டொலரும், இரண்டாமாண்டில் இரண்டு டொலரும், மூன்றாமாண்டில் நான்கு டொலரும் செலுத்திப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தொடர்ந்து பெறலாம் என மைக்ரோசொப்ற் ஏற்பாடு செய்திருந்தது. மலிவான ஏற்பாடு. ஆனால் அது எந்தத் திரையின் நடுவிலும் தோன்றி ஆரவாரத்தை எழுப்பவில்லை. விலைப்பட்டியலின் ஒரு வரியாக, ஆங்கிலத்தில் இருந்தது. அதனைத் தமிழில் எழுதி, வாவியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு பாடசாலை அதிபரின் மேசையில் வைப்பதற்கு எந்தக் கசிவும் தேவைப்பட்டிருக்கவில்லை.